சாந்தி அத்தையின் பல் எக்ஸ்ரே: குடும்பக் குழுவில்

சாந்தி அத்தை: பல் டாக்டர் எடுத்த முழு வாய் எக்ஸ்ரே இது, திரையைப் போனில் படம் பிடித்து வந்தேன். இடது பக்கக் கீழ் ஞானப்பல்லைப் பற்றிப் பேச வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். ஆனால் வலது கன்னத்தில் மேலே வெள்ளையாக என்னமோ தெரிகிறதே, என்ன அது?

குமார்: அத்தை, கூகுளில் தேடினால் சைனஸில் கல், கட்டி என்று என்னென்னவோ வருகிறது 😰

மாலதி அக்கா: குமார், அதை மூடிவை முதலில். அத்தை, கம்மலைக் கழற்றினீர்களா?

சாந்தி அத்தை: வலது காதில் கழற்றினேன். இடது காதில் திருகாணி இறுகிப்போய் அசையவே இல்லை. எக்ஸ்ரே எடுத்த பிள்ளையும் முயன்று பார்த்துவிட்டு, பரவாயில்லை ஆன்ட்டி என்று அப்படியே எடுத்துவிட்டது.

மாலதி அக்கா: அதுதான் விஷயம். ‘எல்’ என்று எழுதியிருக்கும் பக்கம் உங்கள் இடது. அங்கே ஓரத்தில் கம்மல் விளிம்பு பளிச்சென்று தெரிகிறது பாருங்கள், அது நிஜம். எதிர்ப்பக்கம், அதைவிட உயரத்தில், பெரிதாகவும் கலங்கலாகவும் இருப்பது அதே கம்மலின் கோஸ்ட் இமேஜ், அதாவது எதிர்ப்பக்கம் விழும் போலி நிழல். எங்கள் கிளினிக்கில் அடிக்கடி பார்ப்பதுதான்.

குமார்: இடது காதுக் கம்மல் வலது பக்கம் எப்படிப் போகும்?

மாலதி அக்கா: ஓபிஜி, அதாவது இந்த முழு வாய் எக்ஸ்ரே எடுக்கும் மெஷினில் கதிர் வரும் குழாய் தலைக்குப் பின்னால் சுற்றும், சென்சார் முகத்துக்கு முன்னால் சுற்றும். வலது பற்களை எடுக்கும்போது குழாய் இடது காதுக்குப் பின்னால் நிற்கும், அதனால் கதிர் கம்மலைக் கடந்துதான் வலது தாடைக்கு வரும். குழாய்க்குக் கிட்டே, சென்சாருக்குத் தூரத்தில் இருப்பதால் நிழல் பெரிதாகிக் கலங்கிவிடும். கதிர் கீழிருந்து லேசாக மேல்நோக்கிப் போகும், அதனால் நிழலும் ஏறி நிற்கும்.

கணேசன் மாமா: அப்போ என் பழைய படத்தில் முன்பற்களுக்கு மேல் பால் ஊற்றினமாதிரி வெள்ளையாக இருந்ததே? நான் கம்மல் போடுவதில்லைம்மா.

மாலதி அக்கா: 😂 அது உங்கள் கழுத்தெலும்பு மாமா. கூன் போட்டு நின்றால் முதுகுத்தண்டு முன்பற்கள் மேல் விழும். ஓரடி முன்னால் வைத்து, கழுத்தை நீட்டி நில்லுங்கள் என்று சொல்வது சும்மா இல்லை.

ராணி சித்தி: கழுத்துக்கு ஈயக் கவசம் போடவில்லையாம், சரியா அது?

மாலதி அக்கா: சரிதான் சித்தி. கதிர் பின்னங்கழுத்துப் பக்கமிருந்து வருவதால் காலர் அதை மறித்துவிடும், முகவாய் இடம் வெறும் வெள்ளையாகப் போய்விடும்.

சாந்தி அத்தை: அப்போ திரும்பவும் எடுக்கச் சொல்வார்களா? ஏற்கெனவே கதிர் பட்டாச்சு.

மாலதி அக்கா: இந்தக் கதிர் சில நாள்களில் இயற்கையாகவே நம்மேல் படுகிற அளவுதான், பயப்பட ஒன்றுமில்லை. ஆனாலும் தேவையில்லாமல் எடுக்கமாட்டார்கள். உங்களுக்குப் பார்க்கவேண்டியது கீழே இடது பக்கம், நிழல் மேலே வலது பக்கம். என் கணக்கில் தேவைப்படாது, ஆனால் முடிவு டாக்டருடையது. கம்மலை எடுக்காமல் எடுத்த படம் என்று மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.

குமார்: அத்தை, தேக்காவில் ஒரு நகைக்கடையில் திருகாணியைத் தளர்த்திக் கொடுப்பார்கள். புதன் சாயந்திரம் வேலை முடிந்து வந்து கூட்டிப்போகிறேன்.

கணேசன் மாமா: போகிற வழியில் என்னையும் ஏற்றிக்கோ, தோசை மாவு வாங்கணும்.