ஆடு புலி ஆட்டம் ஆப்: சும்மா ஆடுறவங்களுக்கு ஒண்ணு, வெறியா ஆடுறவங்களுக்கு ஒண்ணுன்னு ரெண்டு மோடு வேணுமா?

காரைக்குடி கோடர் கேட்டது:
ஆண்ட்ராய்டுக்கு ஆடு புலி ஆட்டம் செய்துகிட்டிருக்கேன். நம்ம பக்கம் திண்ணைக் கல்லுல கீறியிருக்கிற அதே கட்டம்தான்: 23 புள்ளி, 3 புலி, 15 ஆடு. ஆடு அத்தனையும் இறங்குற வரைக்கும் எந்த ஆட்டையும் நகர்த்த முடியாது. ஆடிப் பார்த்த ஆச்சிமாரும் சின்னப் பிள்ளைகளும் பாதியிலேயே மூடிடுறாங்க. செஸ் ஆடுற பசங்களுக்கோ பாட் (எதிர்ல ஆடுற கம்ப்யூட்டர்) மக்கா தெரியுது, மூணே நாள்ல அலுத்துப் போகுது. ‘கேஷுவல்’, ‘ஹார்ட்கோர்’னு ரெண்டா பிரிச்சிடலாமா?

வளவுப்புலி:
பிரிக்காதீங்க தம்பி. புது ஆப்புக்கு ஒரு நேரத்துல ஆன்லைன்ல இருக்கறதே கொஞ்சப் பேர். அவங்களையும் ரெண்டு வரிசையா நிறுத்தினா ரெண்டு பக்கமும் எதிராளி கிடைக்காது. விதியைத் தொடாம உதவியை மட்டும் கூட்டிக் குறைக்கணும். 2018-ல வந்த மலையேறுற வீடியோ கேம் செலஸ்ட் அப்படித்தான் செய்தது. ‘அசிஸ்ட்’ங்கிற உதவி மோடுல வேகத்தைப் பாதி வரைக்கும் இறக்கிக்கலாம், ஆனா மலையும் முள்ளும் எல்லாருக்கும் ஒண்ணுதான். 2009-ல நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ-ல ஒரே கட்டத்துல எட்டு தடவை செத்தா பச்சைப் பெட்டி ஒண்ணு வரும். தட்டினா லூயிஜி ஆடிக் காட்டுவார். வேண்டாதவங்க தட்டாமலே போகலாம்.

ஆச்சிமார் மூடுறதுக்குக் காரணம் கஷ்டமில்லை, நேரம். கணக்குப் போட்டுப் பாருங்க. 15 ஆடு இறக்கவே ரெண்டு பக்கமும் சேர்ந்து 30 நகர்வு. ஒண்ணுக்கு 10 விநாடின்னா 5 நிமிஷம், உண்மையான ஆட்டம் அதுக்கப்புறம்தான். புலி ஆட்டைத் தாண்டி, பின்னாடி காலியா இருக்கிற புள்ளியில இறங்கித்தானே வெட்டும்? உங்க கட்டத்துல உச்சியை விட்டா எந்தக் கோட்டுலயும் தாண்ட முடியாத புள்ளி ஆறு இருக்கு: பக்கவாட்டுச் சட்டத்தோட நாலு மூலை, அடிவரிசையோட ரெண்டு முனை. ‘குறு ஆட்டம்’னு வச்சு, அந்த ஆறுலயும் ஆட்டை முன்னாடியே உட்கார வைங்க. கையில 9 தான் மிச்சம், 18 நகர்வு, 3 நிமிஷம். ஆட்டுப் பக்கம் கொஞ்சம் பலமாகும். புதுசா ஆடுறவருக்கு அது நல்லதுதான்.

புள்ளிக்கோடு:
பாட் மக்கா தெரியுதுன்னா, அஞ்சு நகர்வுக்கு ஒண்ணைக் கண்ணை மூடிக்கிட்டு வைக்கிற மாதிரி எழுதியிருப்பீங்கன்னு நினைக்கிறேன். அது கூடவே கூடாது. நாலு நகர்வு புத்திசாலித்தனமா ஆடிட்டு, திடீர்னு ஆட்டைப் புலி வாயில வச்சா, விட்டுக்கொடுக்கிறது எதிர்ல இருக்கிறவருக்கு அப்பட்டமா தெரியும். ஜெயிச்சாலும் ஜெயிச்ச மாதிரி இருக்காது. தேடுற ஆழத்தை, அதாவது எத்தனை நகர்வு முன்கூட்டிப் பார்க்குதுங்கிறதை மட்டும் குறைங்க. முதல் படியில அடுத்த வெட்டு மட்டும் பாட்டுக்குத் தெரியட்டும். ரெண்டு நகர்வு தள்ளி ஆட்டுக்குப் பின்னாடி காலியாகப் போற புள்ளி தெரிய வேண்டாம். புதுசா ஆடுற மனுஷரும் அங்கேதான் கோட்டை விடுவார்.

மேல் படிக்கு ஆல்ஃபா-பீட்டா (உதவாத நகர்வுகளைக் கழிச்சுட்டு மிச்சத்தைத் தேடுற முறை) போதும், சாதாரண போனே தாங்கும். கட்டம் இடது வலது ஒரே மாதிரி இருக்கிறதால கண்ணாடிப் பிம்பமா வர்ற நிலைகளை ஒண்ணாச் சேமிங்க, நினைவகம் கிட்டத்தட்ட பாதி மிச்சம். இன்னொரு தப்பு, வெட்டுப்பட்ட ஆட்டை மட்டும் எண்ணி நிலையை மதிப்பிடுறது. அப்படிச் செய்தா ஆட்டுப் பக்கம் ஆடுற பாட் ஒரு ஆட்டைக்கூடப் பலி கொடுக்காது. ஒரு ஆட்டைக் காட்டிப் புலியை மூலைக்கு இழுத்து அடைக்கிறதுதானே இந்த ஆட்டத்தோட அழகே! முடங்கின புலிக்கும், புலிக்கு மிச்சமிருக்கிற நகர்வுகளுக்கும் தனி மதிப்பெண் கொடுங்க. ஒரு ஆடும் சாகாம எல்லாம் இறங்கிட்டா காலி அஞ்சே புள்ளி. அந்த இறுக்கத்துல ஒவ்வொரு நகர்வும் கனமானது.

காரைக்குடி கோடர்:
நன்றிண்ணே, ஆறு புள்ளி விஷயம் தோணவே இல்லை. பாட்டும் நீங்க சொன்ன மாதிரிதான் எழுதியிருந்தேன், மாத்திடுறேன். இன்னொண்ணு, முதல் குறுக்குக்கோட்டுல ‘தப்பான இடத்துல விழுது’ன்னு எல்லாருமே சொல்றாங்க.

கோட்டையூர்க்காரி:
உச்சியிலிருந்து இறங்குற நாலு கோடும் அங்கே நெருங்கி வருது, அதான். தொடுற இடம் குறைஞ்சது 48 டிபி (ஆண்ட்ராய்டுல திரையை அளக்கிற அலகு) இருக்கணும். 360 டிபி அகலத் திரையில ஆறு புள்ளியைச் சமமா வச்சா ஒவ்வொண்ணுக்கும் 60 கிடைக்கும். ஆனா அந்த வரிசையில உள்பக்கத்து நாலும் ஒட்டிக்கிட்டு நிக்கும். குறுக்குக்கோட்டைக் கொஞ்சம் கீழே இறக்கி, முக்கோணத்தை அகலப்படுத்துங்க. தொட்ட இடத்துக்குப் பக்கத்துப் புள்ளியைப் பிடிக்க வைங்க. முதல் தட்டுல ஆடு மங்கலா தெரியணும், ரெண்டாவது தட்டுல உட்காரணும். பழகினவங்க இதை அமைப்புல அணைச்சுக்குவாங்க. புலியையும் ஆட்டையும் நிறத்தால மட்டும் பிரிக்காதீங்க, உருவமும் வேற வேணும்.

போன் வந்தா ஆட்டம் அழியக் கூடாது. ஆப்பை மூடும்போது சேமிக்கலாம்னு இருந்துடாதீங்க, ஒவ்வொரு நகர்வுக்கும் சேமிங்க. ராம் குறைஞ்ச போன் சொல்லாமலே ஆப்பைக் கொன்னுடும். ஒரு நகர்வுக்கு 24 மணி நேரம்னு தபால் ஆட்டமும் வைங்க. கானாடுகாத்தானில் ஆச்சி, சிங்கப்பூர்ல பேரன், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல உட்கார வேண்டியதில்லை.

வளவுப்புலி:
தரவரிசை பத்தி ஒண்ணு விட்டுப்போச்சு. புலியும் ஆடும் சம பலம் இல்லை. அதனால ஒரு போட்டின்னா பக்கம் மாத்தி ரெண்டு ஆட்டம். ரெண்டுலயும் ஒரே பக்கம் ஜெயிச்சா, புலியா ஆடினப்போ யார் கூட ஆடு வெட்டினாங்கன்னு பாருங்க. ஒரே நிலை மூணு தடவை வந்தா அந்த ஆட்டம் டிரா. இது இல்லைன்னா தோற்கிற புலி ரெண்டு புள்ளிக்கு நடுவுல போய்ப் போய் வந்துக்கிட்டே இருக்கும். எத்தனை ஆடு வெட்டினா புலிக்கு வெற்றிங்கிறது ஊருக்கு ஊர் மாறும். நட்பு ஆட்டத்துல அதை அவங்களே வச்சுக்கட்டும், தரவரிசையில ஒரே எண்ணைப் பூட்டிடுங்க. வச்ச நகர்வைத் திரும்ப எடுக்கிற ‘அன்டூ’ பாட்டோட ஆடும்போது தாராளமா இருக்கட்டும், தரவரிசையில காசுக்குக்கூட விற்காதீங்க. ஒரு தடவை வித்தாலும் செஸ் பசங்க திரும்பி வர மாட்டாங்க.