மறு: சர்வே கோர்ஸுக்குத் தமிழ்ல என்ன? "அகலப்பாடம்" எப்படி இருக்கு

எல்லாருக்கும் வணக்கம். நம்ம வரலாற்றுப் படிப்புக் கையேட்டுக்கு "சர்வே கோர்ஸ்"ங்கறதுக்கு (நீளமான ஒரு காலத்த ஒரே செமஸ்டர்ல ஓட்டிக் காட்டற வகுப்பு) தமிழ்ச் சொல் தேடி ரெண்டு நாளா ஓடுற இழைய இப்பதான் மொத்தமா படிச்சேன், எல்லாத்துக்கும் ஒரே மெயில்ல பதில் போட்டுடறேன், கொஞ்சம் நீளும்.

> "மேலோட்டப் பாடம்னு போட்டுட்டு அடுத்த சொல்லுக்குப் போயிடலாமே"

போயிடலாம்தான். ஆனா நம்ம கையேட்ட படிக்கப்போறது எஸ்டிபிஎம் (மலேசியாவுல பல்கலைக்கழகத்துக்கு முந்தின பரீட்சை) முடிச்ச பிள்ளைங்க, கூடவே அவங்க அம்மா அப்பா. "மேலோட்டமா படிச்சிட்டு போயி பரீட்சை எழுதாதடா"ன்னு வீட்ல திட்டற வார்த்தைய கோர்ஸ் பேரா வச்சா யாருங்க பீஸ் கட்டுவா? ஏற்கனவே வரலாறு எடுத்தா வேலை கிடைக்காதுன்னு பாதிப் பேரு பயந்து போயிருக்காங்க, 2013ல இருந்து எஸ்பிஎம்ல (அஞ்சாம் படிவப் பரீட்சை) செஜாரா, அதாவது வரலாறு, பாஸ் ஆகலன்னா சர்டிபிகேட்டே கிடையாதுன்னு ஆனதுல இருந்து அந்தப் பாடத்து மேல பாசம் வேற குறைஞ்சு போச்சு. நாமளும் சேர்ந்து பேரக் கெடுக்க வேணாம்.

> "அறிமுகப் பாடம் போதாதா?"

போதாது. முதல் வருஷத்துல வர்றது எல்லாமே அறிமுகம்தான். வரலாறு எப்படி எழுதறாங்க, சான்று எப்படி எடை போடறாங்கன்னு சொல்லித்தர்ற கோர்ஸ் ஒண்ணு இருக்கும், அதுவும் அறிமுகம். நாம தேடறது நீளமான ஒரு காலத்த ஒரே செமஸ்டர்ல கடந்து போற வகுப்புக்கு. அமெரிக்காவுல இது ரொம்ப சாதாரணம், அவங்க நாட்டு வரலாற 1877ல வெட்டி ரெண்டா வச்சிருப்பாங்க, அதுக்கு முன்னாடி ஒரு செமஸ்டர், பின்னாடி ஒரு செமஸ்டர். (உள்நாட்டுப் போருக்கு அப்புறம் தெற்கு மாநிலங்கள சீரமைச்ச காலம் முடிஞ்ச வருஷம் அது, அதான் அங்க வெட்டு.) நம்ம ஊருக்கு அப்படி ஒண்ணு போட்டா 1025ல ராஜேந்திர சோழன் கடாரத்து மேல படை அனுப்பினதுல ஆரம்பிச்சு, 1511ல போர்த்துக்கீசியர் மலாக்காவப் புடிச்சது, 1786ல பினாங்குல பிரான்சிஸ் லைட், 1874 பங்கோர் உடன்படிக்கை, 1957 சுதந்திரம்னு பதினாலு வாரத்துல ஓடிடணும். மூச்சு வாங்கும்.

"அளவைப் பாடம்"னு ஒருத்தர் போட்டிருந்தார். நில அளவை ஆபீஸ் ஞாபகம்தான் வருது. மலாய்ல சர்வேங்கற சொல்லோட மூணு அர்த்தத்தையும் அழகா பிரிச்சு வச்சிருக்காங்க: நிலம் அளக்கறது உக்கூர், ஃபாரம் கொடுத்துக் கேள்வி கேக்கறது காஜி செலிடிக், எட்டிப் பாத்து மொத்தமா ஒரு நோட்டம் விடறது திஞ்ஜாவ். நமக்கு வேண்டியது மூணாவது. ஆங்கிலத்துல மூணும் ஒரே சொல்லுங்கறதுக்காக நாமளும் ஒரே மூட்டையா கட்டணும்னு இல்ல.

இப்ப பருந்துப் பார்வைங்கற யோசனை. நெறய பேருக்குப் புடிச்சிருக்கு, எனக்குப் புடிக்கல. காரணம் நன்னூல்லயே இருக்கு. சூத்திரங்கள் ஒண்ணுக்கு அடுத்து ஒண்ணு எப்படி நிக்குதுன்னு பவணந்தியார் நாலு வகை சொல்றார்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. ஆறு மாதிரி தொடர்ச்சியா போறது, சிங்கம் மாதிரி முன்னும் பின்னும் பாக்கறது, தவளை மாதிரி நடுவுல விட்டுட்டுத் தாண்டறது, பருந்து மாதிரி தூரத்துல இருந்து நேரா ஒரு பொருள் மேல விழுந்து எடுத்துட்டுப் போறது. பாருங்க, நம்ம மரபுல பருந்து மேல சுத்திக்கிட்டே வேடிக்கை பாக்கறதுக்கு வரல, ஒண்ணே ஒண்ண குறி வச்சு இறங்க வருது. சர்வேக்கு நேர் எதிர்! அந்த நாலுல சர்வேக்குக் கிட்ட வர்றது ஆற்றொழுக்குதான், ஆனா பெரும்பாலான லெக்சரர்கள் நடத்தறது தவளைப் பாய்த்து, அது வேற கதை.

ஆற்றொழுக்குப் பாடம்னே வைக்கலாமான்னு யோசிச்சேன். அழகாத்தான் இருக்கு, ஆனா "நடை நல்லா இருக்கு"ன்னு சொல்ற அர்த்தம் அதுல ஊறிப்போச்சு. தியூட்டோரியல் முடிஞ்சு மாமாக் கடையில உக்காந்து தே தாரிக் குடிக்கற பையன் "எனக்கு நாளைக்கு ஆற்றொழுக்கு இருக்குடா"ன்னு சொல்லுவானா?

அதனால என் ஓட்டு அகலப்பாடத்துக்கு. சின்னது, வாயில நிக்கும், முக்கியமா ஜோடி கிடைக்குது: அகலப்பாடம், ஆழப்பாடம். இந்த ஜோடி ஏன் வேணும்னா, லென்டோல் கால்டர்னு ஒரு அமெரிக்கப் பேராசிரியர் 2006ல எழுதின கட்டுரையில இருந்து அங்க பெரிய வாதமே இதான், எல்லாத்தையும் தொட்டுட்டு ஓடணுமா, இல்ல கொஞ்சம் விஷயத்த எடுத்து வரலாற்றாளர் செய்யற வேலையையே பிள்ளைங்கள செய்ய வைக்கணுமான்னு. நம்ம ஊர் உதாரணம் சொன்னா, அகலப்பாடத்துல 1941 கிள்ளான் வட்டாரத் தோட்ட ஸ்ட்ரைக் ஒரே ஸ்லைடு. கூலி உயர்வு கேட்டாங்க, தலைவர் ஆர்.எச்.நாதன கைது பண்ணாங்க, பட்டாளம் வந்துச்சு, முடிஞ்சது. ஆழப்பாடத்துல அந்தக் கோரிக்கைப் பட்டியல் மட்டும் ரெண்டு வாரம் போகும். சீனத் தொழிலாளிக்குச் சமமா சம்பளம், கள்ளுக்கடைய மூடு, இதோட துரைக்கு (வெள்ளைக்கார மேனேஜர்) முன்னாடி சைக்கிள்ல இருந்து இறங்க மாட்டோம்னும் ஒண்ணு. காசு கேக்கற பட்டியல்ல சைக்கிள் எப்படி வந்துச்சுன்னு ஒரு பிள்ளை கேட்டுட்டா போதும், கங்காணி (ஆள்களை மேய்க்கறவர்), கிராணி (குமாஸ்தா), துரைன்னு தோட்டத்து அடுக்கு முழுசும் அந்த ஒரு கேள்வியில இருந்தே விரியும்.

ஈப்போ ஐயா எழுப்பின மறுப்பு சரியானது, தள்ளிட முடியாது. பழைய உரைமரபுல அகலங்கூறல்னா விரிச்சு விளக்கறது, பொழிப்புதான் சுருக்கம், அப்ப அகலப்பாடம்னா விரிவான பாடம்னு புலவர் காதுல விழும்கறார். விழும்தான். பொழிப்புப்பாடம்னு அவர் சொன்ன மாற்றும் மோசம் இல்ல, குறள் பொழிப்புரை தெரியாத தமிழ்ப்பள்ளிப் பிள்ளை கிடையாது. ஆனா பொழிப்புக்கு ஒரு மூலநூல் வேணும், வரலாற்றுக்கு அப்படி ஒரே மூலம் ஏது? ஆழப்பாடம் பக்கத்துலயே நிக்கும்போது அகலம்னா பரப்புன்னுதான் எவனும் எடுத்துக்குவான்.

அப்புறம் "அகல உழுவதிலும் ஆழ உழு"ங்கற பழமொழிய தயவுசெஞ்சு அடிக்குறிப்புல போடாதீங்க, அது ஒரு பக்கமா தீர்ப்பு சொல்லுது. முதல் வருஷம் வர்ற பிள்ளைக்கு பங்கோர் உடன்படிக்கைக்கும் (1874) மலாயன் யூனியனுக்கும் (1946) எது முன்ன எது பின்னன்னு தெரியாம சைக்கிள் கேள்விய வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

கையேட்டுல இப்படிப் போடலாம்னு நினைக்கறேன்: "அகலப்பாடம்: ஒரு நாட்டின் அல்லது வட்டாரத்தின் நீண்ட கால வரலாற்றை ஒரே பருவத்தில் தொடர்ச்சியாகக் கற்பிக்கும் முதலாண்டுப் பாடம்." செமஸ்டருக்குப் பருவம்னுதான் போன மாசம் முடிவாச்சு, சரிதானே? பினாங்குல வகுப்பு எடுக்கற அக்கா ரெண்டு பேரும் பிள்ளைங்ககிட்ட சும்மா சொல்லிப் பாத்துட்டு எழுதுங்க, யாராவது சிரிச்சா அதையும் சொல்லுங்க.