ஸ்டூடியோ படத்துக்கு 480 வெள்ளி கொடுத்தவள் ஏமாளியா?

ஈசூன் அக்கா:
புக்கிட் பாத்தோக் மாமா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. "கையில் நல்ல போன் இருக்கும்போது ஸ்டூடியோவுக்குக் காசு கொடுத்துப் படம் எடுப்பவர்கள் ஏமாளிகள்" என்றார். அந்த ஏமாளி நான்தான். போன மாதம் அம்மாவின் 70வது பிறந்தநாளுக்கு 480 வெள்ளி கொடுத்தேன்.

அப்பா இறந்தபோது, மாலை போட வீட்டில் ஒரு படம் இல்லை. போனில் ஆயிரக்கணக்கில் இருந்தன. எல்லாவற்றிலும் யார் பின்னாலோ பாதி முகமாக நிற்பார், இல்லையென்றால் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். ஐசி (அடையாள அட்டை) படத்தைப் பெரிதாக்கினால் முகம் கலங்கிப் போகிறது. கடைசியில் சித்தப்பா மகள் கல்யாணத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து வெட்டினோம். அப்பாவின் இடது தோளுக்கு மேல் யாருடையதோ ஒரு பச்சைப் பட்டு முந்தானை இன்றைக்கும் தெரிகிறது. விளக்கேற்றும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகும். அம்மாவுக்கும் அப்படி ஆக விடமாட்டேன்.

புக்கிட் பாத்தோக் மாமா:
தங்கச்சி, உங்கள் அப்பா விஷயம் வருத்தமானது. ஆனால் அது போனின் தப்பு இல்லை. அவரை ஒரு நாள் உட்கார வைத்து எடுக்காத தப்பு. நான் பிலிம் காலத்திலிருந்து படம் எடுக்கிறவன். ஜன்னலோரம் நாற்காலி போடுங்கள், மெல்லிய திரையை இழுத்துவிடுங்கள், 2 மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். ஒரு வெள்ளி செலவில்லை.

பொங்கோல் தம்பி:
நான் பகுதிநேரமாகப் படம் எடுத்துப் பிழைப்பவன், அதனால் சொல்கிறேன். போனில் எடுத்தால் மூக்கு பெருத்துத் தெரியும். அதன் முதன்மை லென்ஸ் ஏறத்தாழ 24 மி.மீ. அகலக் கோணம். முகத்துக்கு நாங்கள் போடுவது 85 மி.மீ. லென்ஸ். காசு அதற்குத்தான் மாமா.

புக்கிட் பாத்தோக் மாமா:
மூக்கைப் பெருக்க வைப்பது லென்ஸ் இல்லை தம்பி, தூரம். மூக்கு நுனிக்கும் காதுக்கும் சுமார் 12 செ.மீ. இருக்கும். 40 செ.மீ. கிட்டத்தில் போனை நீட்டினால் அந்த 12 பெரிய வித்தியாசம். 2 மீட்டர் தள்ளினால் அது ஒன்றுமே இல்லை. எந்த லென்ஸ் போட்டாலும் இதே கணக்குதான். காசு வாங்கிப் படம் எடுக்கிறவருக்கு இது தெரியாதா?

பொங்கோல் தம்பி:
தெரியும். தள்ளி நின்றால் முகம் சின்னதாக விழும், அப்புறம் வெட்டிப் பெரிதாக்க வேண்டும். அக்கா வீட்டு முந்தானைக் கதைதான் திரும்ப வரும். அதனால்தான் 85 என்கிறேன்.

புக்கிட் பாத்தோக் மாமா:
போனில் 2 மடங்கு, 3 மடங்கு ஜூம் எதற்கு வைத்திருக்கிறான்? தள்ளி நில், ஜூம் போடு. தூரம்தான். நூறு தடவை கேட்டாலும் தூரம்தான்.

ஈசூன் அக்கா:
மூக்கைப் பற்றி நான் கேட்கவே இல்லை. முன்பல் இரண்டு விழுந்ததிலிருந்து அம்மா படத்துக்குச் சிரிப்பதில்லை. ஸ்டூடியோவிலும் 20 நிமிடம் வாயை இறுக்கிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். படம் எடுத்த பிள்ளை அவசரப்படவே இல்லை. "அந்தக் காலத்தில் ஐயா என்ன வாங்கி வருவார்?" என்று மெதுவாகக் கேட்டான். செம்பவாங் கப்பல் பட்டறை வேலை முடிந்து வரும்போது அப்பா வாங்கி வரும் கச்சாங் பூத்தே (வறுத்த கடலை), அந்தக் காகிதக் கூம்பு, அடியில் கிடக்கும் உப்பை அம்மா நக்கியது என்று பேச்சு ஓடியது. சிரிப்பு வந்ததும் கையால் வாயை மூடினார். கை இறங்கிய அந்த நொடியில் எடுத்துவிட்டான். நான் எடுத்திருந்தால் "அம்மா, இங்கே பாருங்கள்" என்று கத்தியிருப்பேன்.

தேக்கா காரன்:
உங்களுக்கு நல்ல ஆள் கிடைத்தார் அக்கா. நான் 380 வெள்ளி கொடுத்தேன், கையில் வந்தது 8 படம். மீதி வேண்டுமென்றால் ஒவ்வொன்றுக்கும் 35 வெள்ளி. அதுகூடப் பரவாயில்லை. அப்பாவின் தாடை மச்சத்தை அழித்து, நிறத்தையும் வெளுத்துவிட்டார்கள். எங்கள் அப்பா நல்ல கறுப்பு. பாட்டி படத்தைக் கையில் வாங்கி, "இது யாருப்பா?" என்றார். பெற்ற தாய்க்கே தெரியாத முகத்துக்கா அந்தக் காசு?

பொங்கோல் தம்பி:
அது எடுத்தவர் செய்த அநியாயம், நானும் ஒத்துக்கொள்கிறேன். "நிறத்தைத் தொடாதீர்கள்" என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். காப்புரிமையையும் கேளுங்கள். 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் இருக்கும் சிங்கப்பூர்ச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால் படத்தின் உரிமை எடுத்தவருக்கே. அதற்கு முன்பு காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்கு இருந்தது.

புக்கிட் பாத்தோக் மாமா:
நன்றாக இருக்கிறது! முகம் நம்முடையது, காசு நம்முடையது, உரிமை மட்டும் அவருக்கா? நீங்களே போனில் எடுத்தால் இந்த வம்பே இல்லை. 2 மீட்டர் தள்ளி நின்றால் போதும்.

பொங்கோல் தம்பி:
போன தீபாவளி விருந்தில் புளோக் கீழ்த்தளத்தில் குழுப்படம் எடுத்தவர் நீங்கள்தானே? நல்ல தூரத்தில்தான் நின்றீர்கள். பின்வரிசையில் 6 பேருக்குக் கண் மூடியிருந்தது.

புக்கிட் பாத்தோக் மாமா:
கேமரா வைக்கும் முக்காலி கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டு வராமல் போனது யார்? ஒரு கையில் விளக்கைப் பிடித்துக்கொண்டு 40 பேரை எடுத்தேன். அன்றைக்கு ஒரு மன்னிப்புகூட நீ கேட்கவில்லை.

பொங்கோல் தம்பி:
அன்று எனக்கு வேலை இருந்தது, செய்தி அனுப்பினேன். படிக்காதது நீங்கள்.

தேக்கா காரன்:
முக்காலியை விடுங்கள். 480 வெள்ளிக்கு எத்தனை படம் என்று அக்கா இன்னும் சொல்லவில்லையே?

ஈசூன் அக்கா:
12. கூடத்தில் மாட்டியது ஒன்றுதான், அந்தக் கை இறங்கிய படம். பல் இல்லாதது நன்றாகத் தெரிகிறது. தொடவேண்டாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். இதற்காக இன்னொரு 480 கேட்டாலும் கொடுப்பேன். ஏமாளி என்ற வார்த்தையை மாமா இன்னும் திரும்பப் பெறவில்லை.

புக்கிட் பாத்தோக் மாமா:
வார்த்தை வார்த்தைதான் தங்கச்சி. படம் நன்றாக வந்திருக்கிறது என்கிறீர்கள், சந்தோஷம். அந்தப் பிள்ளை அம்மாவிடமிருந்து எத்தனை மீட்டர் தள்ளி நின்றான்? அதை மட்டும் சொல்லுங்கள்.