உதவி தேவை: மெய்நிகர் கணினியில் பழைய முப்பரிமாண மென்பொருள், படம் வரவேண்டிய இடம் மட்டும் கறுப்பு

ரோஸ்ஹில் டீச்சர்:
எல்லோருக்கும் வணக்கம். என் அப்பா மரவேலை செய்தவர். எங்கள் கோயிலின் சிறிய இரதத்தை முதலில் கணினியில் வரைந்து பார்த்து, பிறகு கையால் செய்தார். அவர் இப்போது இல்லை. இரதத்தின் அச்சும் ஒரு சக்கரமும் உளுத்துவிட்டன. தைப்பூசக் காவடிக்குள் மாற்றியாக வேண்டும். ஆசாரி அளவு கேட்கிறார். அளவெல்லாம் அப்பாவின் கோப்புகளுக்குள் இருக்கிறது, அவை அந்தப் பழைய மென்பொருளில் மட்டும்தான் திறக்கும். விண்டோஸ் 98 காலத்துக் குறுவட்டு. அப்பா பிரெஞ்சுத் தீவான ரீயூனியன் போனபோது வாங்கிய பிரெஞ்சுப் பதிப்பு.

என் மடிக்கணினி விண்டோஸ் 11, 64 பிட். அதில் நிறுவும் நிரலே ஓடவில்லை. அதனால் கணினிக்குள் இன்னொரு கணினியை (மெய்நிகர் கணினி) ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் 7.0 போட்டு, அதற்குள் பிரெஞ்சு விண்டோஸ் எக்ஸ்பி நிறுவினேன். மென்பொருள் திறக்கிறது, மேலிருந்து பார்க்கும் தளப்படம் வருகிறது. முப்பரிமாணக் காட்சியை அழுத்தினால் அந்தச் சட்டம் மட்டும் கறுப்பாக நிற்கிறது. அமைப்பில் 3டி முடுக்கத்தை (கிராபிக்ஸ் சிப்பைக் கொண்டு வரையும் வசதி) டிக் செய்திருக்கிறேன். எக்ஸ்பிக்குள் போட வேண்டிய கெஸ்ட் அடிஷன்ஸ் டிரைவர்களும் போட்டாயிற்று. நான்கு நாளாகப் போராடுகிறேன்.

பழையபெட்டி:
மற்றதெல்லாம் அப்புறம். முதலில் குறுவட்டை முழுதாக ஒரே ஐஎஸ்ஓ கோப்பாகப் பிரதி எடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். அப்பாவின் கோப்புகளையும் அப்படியே. இருபது வருடத்துக்கு மேலான வட்டு, இன்று படிக்கும், நாளை படிக்காமல் போகலாம்.

பிறகு இரண்டு கேள்வி. எக்ஸ்பிக்குள் ஸ்டார்ட், ரன் போய் டிஎக்ஸ்டயாக் (dxdiag) என்று தட்டுங்கள். திரைப் பகுதியில் டைரக்ட்3டி (விண்டோஸில் முப்பரிமாணம் வரையும் பகுதி) பற்றி என்ன எழுதியிருக்கிறது? மெய்நிகர் கணினிச் சாளரத்தின் வலது கீழ் மூலையில் பச்சை ஆமைப் படம் தெரிகிறதா?

ரோஸ்ஹில் டீச்சர்:
பிரதி எடுத்துவிட்டேன் ஐயா. வட்டு நல்லபடியாகப் படித்தது. டைரக்ட்டிரா (தட்டையான படம் வரையும் பகுதி) இயங்குகிறது, டைரக்ட்3டி கிடைக்கவில்லை என்று வருகிறது. ஆமை இருக்கிறது.

பழையபெட்டி:
நினைத்தது சரிதான். உங்கள் மேல் தவறில்லை.

மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் எக்ஸ்பிக்கு உங்கள் மடிக்கணினியின் கிராபிக்ஸ் சிப் கண்ணில் படவே படாது. விர்ச்சுவல்பாக்ஸ் உருவாக்கித் தரும் ஒரு கற்பனைக் கார்டுதான் அதற்குத் தெரியும். உள்ளே உள்ள டிரைவர் 3டி கட்டளைகளை வாங்கி வெளியே கடத்த வேண்டும், வெளியே உள்ள சிப் வரைய வேண்டும். எக்ஸ்பிக்கு அந்த வேலையைச் செய்து வந்த பழைய முறையை 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பில் நீக்கிவிட்டார்கள். 7.0-இல் நீங்கள் எத்தனை முறை டிக் போட்டாலும் எக்ஸ்பி பக்கம் அதைக் கேட்க ஆளில்லை.

6.0-க்குத் திரும்பிப் போகலாம் என்று பலர் சொல்வார்கள். 2020-லேயே அதற்கான பராமரிப்பு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 மேல் அதை ஏற்றி நீங்கள் அல்லல்பட வேண்டாம். விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற இன்னொரு மென்பொருளான வி.எம்.வேர் வொர்க்ஸ்டேஷன் 2024 நவம்பரிலிருந்து எல்லோருக்கும் இலவசம். அதில் எக்ஸ்பிக்கு டைரக்ட்3டி 9 வரை கிடைக்கும். விஸ்டாவுக்கு முந்தைய விண்டோஸுக்கான தனி டூல்ஸ் வட்டைப் போட வேண்டும்.

போபாசின் தம்பி:
அக்கா, 86பாக்ஸ் பாருங்கள். அது பழைய கணினியையே, மதர்போர்டு, அந்தக் காலத்து ஊடூ 3டி கார்டு உட்பட, சில்லுக்குச் சில்லு நடிக்கும். விண்டோஸ் 98-ஐயே உள்ளே போடலாம். நினைவகத்தை 512 எம்பிக்கு மேல் மட்டும் கொடுக்காதீர்கள், 98-க்கு அது ஒத்துக்கொள்ளாது. நான் பழைய விளையாட்டுகளை அதில்தான் ஓட்டுகிறேன்.

பழையபெட்டி:
தம்பி சொல்வது சரி. அசல் மாதிரியே வரும். ஆனால் ஒவ்வொரு சில்லையும் நடிப்பதால் செயலி நல்ல வேகமாக இருக்க வேண்டும், சாதாரண மடிக்கணினியில் திணறும்.

கோவை வரைஞர்:
நடுவில் பேசுவதற்கு மன்னிக்கவும். டீச்சருக்கு வேண்டியது அளவு. அழகான படம் அல்ல. தளப்படம் ஏற்கெனவே திறக்கிறது என்கிறார். அப்படியானால் கோப்பு மெனுவில் டிஎக்ஸ்எஃப் (மற்ற வரைபட மென்பொருள்களும் படிக்கும் கோப்பு வகை) ஆக ஏற்றுமதி செய்யும் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். அது இருந்தால் 3டி முடுக்கமே தேவையில்லை.

இன்னொன்று. அந்தக் காலத்து மென்பொருள்களில் எந்தக் கருவியால் வரைவது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியல் இருக்கும். ஆர்ஜிபி எமுலேஷன் என்று ஒரு வரி இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கார்டை நம்பாமல் செயலியே வரையும். மெதுவாக வரும், ஆனால் வரும்.

ரோஸ்ஹில் டீச்சர்:
வந்துவிட்டது! விருப்பங்களில் நான்காவது தாவலில் அந்த வரி இருந்தது. ஓரங்கள் பல் பல்லாக இருக்கின்றன, திருப்பினால் மூன்று நொடி ஆகிறது. ஆனாலும் இரதம் முழுதாக நிற்கிறது. மேல்விதானத்தின் மயில்களைக்கூட வரைந்திருக்கிறார். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், எதுவும் சொல்லாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிஎக்ஸ்எஃப் ஏற்றுமதியும் இருக்கிறது ஐயா. ஆனால் அந்தக் கோப்பை ஃப்ரீகேட் என்ற இலவச வரைபட மென்பொருளில் திறந்தால் கோடுகள் எல்லாம் கன்னாபின்னாவென்று ஒரே மூலையில் குவிந்து கிடக்கின்றன.

கோவை வரைஞர்:
அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள், அது வெறும் எழுத்துக் கோப்புதான். எண்கள் 12.5 என்று இருக்கின்றனவா, 12,5 என்று இருக்கின்றனவா?

ரோஸ்ஹில் டீச்சர்:
12,5 என்றுதான். எல்லா இடத்திலும் காற்புள்ளி.

கோவை வரைஞர்:
அதுதான் காரணம். பிரெஞ்சு விண்டோஸ் தசமத்துக்குக் காற்புள்ளி போடும். மென்பொருள் அதை அப்படியே எழுதிவிட்டது. டிஎக்ஸ்எஃப் புள்ளியைத்தான் எதிர்பார்க்கும். எக்ஸ்பியின் கண்ட்ரோல் பேனலில் பிராந்திய அமைப்புக்குப் போய்த் தசமக் குறியைப் புள்ளியாக மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து, மறுபடி ஏற்றுமதி செய்யுங்கள். நோட்பேடில் கையால் மாற்றப் போகாதீர்கள், பெயர்களில் உள்ள காற்புள்ளியும் மாறிவிடும்.

பழையபெட்டி:
ஆமையைப் பற்றி. உங்கள் விண்டோஸ் 11 ஹைப்பர்-வி என்ற தன் சொந்த மெய்நிகர் அடுக்கை ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருப்பதால் விர்ச்சுவல்பாக்ஸ் அதன் மேல் ஏறி மெதுவாக ஓடுகிறது. பெரும்பாலும் நினைவக ஒருமைப்பாடு என்ற பாதுகாப்பு வசதிதான் காரணம். அதை அணைத்தால் வேகம் வரும், ஆனால் அது உங்களைக் காக்கும் வசதி. மூன்று நொடி பொறுக்க முடியுமென்றால் தொடாதீர்கள். எக்ஸ்பியின் வலையிணைப்பைக் கட்டாயம் துண்டியுங்கள். 2014 ஏப்ரலோடு அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுவிட்டன. கோப்புகளை வெளியே எடுக்கப் பகிர்கோப்புறை போதும்.

ரோஸ்ஹில் டீச்சர்:
அப்படியே செய்தேன். எல்லாக் கோப்புகளும் ஃப்ரீகேடில் சரியாகத் திறந்தன. சக்கரம், அச்சு, ஆரக்கால்கள் தனித்தனி அடுக்குகளில் இருக்கின்றன. இன்று மாலை ஆசாரியிடம் கொடுக்கலாமா?

கோவை வரைஞர்:
கொஞ்சம் பொறுங்கள் டீச்சர். பழைய டிஎக்ஸ்எஃப் கோப்பில் அலகு எழுதப்பட்டிருக்காது. 960 என்றால் மில்லிமீட்டரா, வேறு ஏதாவதா என்று அது சொல்லாது. உளுக்காத சக்கரம் ஒன்று கோயிலில் இருக்கிறதல்லவா? டேப் வைத்து விட்டத்தை அளந்து, கோப்பில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதன் பிறகுதான் மரத்தில் வாள் படவேண்டும்.

ரோஸ்ஹில் டீச்சர்:
இப்போதுதான் கோயிலிலிருந்து வருகிறேன். அர்ச்சகர் கொட்டகையைத் திறந்துவிட்டார். கோப்பில் 740. டேப்பில் 74 சென்டிமீட்டர், ஒரு நூல்கூடத் தள்ளவில்லை. மில்லிமீட்டர்தான். ஆசாரி நாளைக் காலை வருகிறார். மூவருக்கும் மிகுந்த நன்றி.