கனடா பிஎன்பி, ஆஸ்திரேலியா 491: யாரை மெயின் அப்ளிகண்ட் ஆக்குவது?

தக்கலை மெக்கானிக்கல்:

வணக்கம். எனக்கு 32 வயது, வரும் பிப்ரவரியில் 33 ஆகிறது. 2014-ல் அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழுள்ள கல்லூரியில் பி.இ. மெக்கானிக்கல் முடித்தேன். முதல் இரண்டு வருடம் சென்னையில் விற்பனை வேலை, அதன்பின் ஆறரை வருடமாகக் கத்தாரில் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். மனைவிக்கு 29 வயது, பி.எஸ்சி. நர்சிங், நாகர்கோவிலில் தனியார் மருத்துவமனையில் நான்கு வருட அனுபவம். மூன்று வயதில் ஒரு பையன்.

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில், ஜெனரல் வகையில், மனைவிக்கு நான்கு பிரிவிலும் 7. எனக்கு ரைட்டிங்கில் மட்டும் 6.5, மற்றதில் 7.

ஆஸ்திரேலியாவின் 491 ரீஜனல் விசாவுக்கு நாமினேஷன் (மாநில அரசின் பரிந்துரை) வேண்டுமாம். மார்த்தாண்டத்தில் ஒரு கன்சல்டன்சியில் "491 நாமினேஷன் உறுதி, நீங்களே மெயின், முன்பணம் நாலு லட்சம்" என்கிறார்கள். இது சரியா? கனடாவில் மாகாண நாமினேஷன் (பிஎன்பி) இன்னும் எளிதா? 491 என்றால் கிராமத்தில்தான் இருக்க வேண்டுமா?

குழித்துறை வாசகன்:

தம்பி, பணம் கொடுக்கும் முன் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். ஆஸ்திரேலியாவில் நாமினேஷன் புள்ளியையும் சேர்த்துக் குறைந்தது 65 வேண்டும்.

நீங்கள் மெயின் என்றால்: வயது 30, பி.இ. 15, அனுபவம் ஐந்து வருடத்துக்கு மேல் என்பதால் 10. ஆங்கிலத்துக்குப் பூஜ்யம். நான்கிலும் 7 இருந்தால்தான் 10 புள்ளி, ஒன்றில் 6.5 இருந்தாலும் "காம்பிடென்ட்" கணக்குதான். மொத்தம் 55. சென்னை விற்பனை வேலை இன்ஜினியர் அனுபவத்தில் சேராது.

மனைவி மெயின் என்றால்: வயது 30, ஆங்கிலம் 10, பட்டம் 15, மூன்று வருடத்துக்கு மேற்பட்ட அனுபவம் 5. அது 60. உங்கள் ஆங்கிலம் எல்லாவற்றிலும் 6-க்கு மேல் இருப்பதால் துணைவர் கணக்கில் இன்னொரு 5. மொத்தம் 65. நீங்களும் ஸ்கில் அசெஸ்மென்ட் (தொழில் தகுதி மதிப்பீடு) முடித்து, இருவர் தொழிலும் விசாவுக்கான ஒரே தொழில் பட்டியலில் இருந்தால் அந்த 5 பத்தாகும். 190 விசாவுக்கு மாநில நாமினேஷன் 5 தரும், 491-க்கு 15. ஆக 491-ல் மனைவிக்கு 80 அல்லது 85.

வரும் பிப்ரவரியையும் கவனியுங்கள், 33 தொடங்கியதும் உங்கள் வயதுப் புள்ளி 25 ஆகிவிடும். பார்ப்பது இஓஐ (விசாவுக்கு விருப்பம் தெரிவிக்கும் ஆன்லைன் பதிவு) போட்ட நாளின் வயதை அல்ல, விண்ணப்பிக்க அழைப்பு வரும் நாளின் வயதை. மனைவிக்கு 33 ஆக இன்னும் காலம் இருக்கிறது. அவரே மெயினாக இருக்கட்டும்.

தமிழ் தெரிந்தவர்களுக்கு இன்னொரு 5 புள்ளி இருக்கிறது: நாட்டி சிசிஎல் தேர்வு. பேச்சைக் கேட்டுத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் வாய்மொழியாக மொழிபெயர்க்க வேண்டும். இரண்டு உரையாடல், ஒவ்வொன்றுக்கும் 45 மதிப்பெண். ஒவ்வொன்றிலும் குறைந்தது 29, மொத்தத்தில் 63 வேண்டும். ஆன்லைனில் நடக்கிறது. மருத்துவமனை, வாடகை, வங்கி, காப்பீடு போன்ற பேச்சுதான் வரும். சரளமாகப் பேசுகிறவர்களும் தோற்பது குறிப்பெடுக்கத் தெரியாமல்தான். எண், தேதி, மருந்தின் அளவு, இவற்றில் ஒன்றை விட்டாலும் மதிப்பெண் போய்விடும்.

கிராமமா என்று கேட்டீர்கள். சிட்னி, மெல்போர்ன், பிரிஸ்பேன் தவிர மற்றதெல்லாம் ரீஜனல்தான். அடிலெய்டும் பெர்த்தும் கேன்பெராவும் அதில் அடக்கம். ஆனால் 491 நிரந்தர வசிப்புரிமை அல்ல, ஐந்து வருடத் தற்காலிக விசா. மூன்று வருடம் அந்த விசாவில் ரீஜனல் பகுதியிலேயே வசித்து, வேலை செய்து, மூன்று நிதியாண்டுக்கான வரி நோட்டீஸ் வைத்திருந்தால் 191 என்ற நிரந்தர விசாவுக்குப் போடலாம். ரீஜனல் பகுதியிலேயே இருக்க வேண்டும் என்ற 8579 நிபந்தனை விசாவிலேயே இருக்கும், மீறக்கூடாது. இடையில் 190, 189 (நாமினேஷன் தேவைப்படாத விசா) என்று தாவவும் முடியாது. 190 கிடைத்தால் அது முதல் நாளிலிருந்தே நிரந்தரம்.

வடசேரி நர்ஸ் அக்கா:

மேலே சொன்ன கணக்கு சரி. நர்ஸ் மெயின் என்றால் அதில் வராத வேலை ஒன்று இருக்கிறது.

விசாவுக்கான அசெஸ்மென்டை ஆன்மாக் என்ற நர்சிங் அமைப்பு செய்கிறது. அங்கே நர்ஸாக வேலை பார்ப்பதற்கான பதிவைத் தருவது ஆப்ரா. இரண்டும் வேறு. இந்தியாவில் படித்து இங்கேயே வேலை பார்த்த நர்ஸ், ஆப்ரா பதிவுக்குப் பொதுவாக என்க்ளெக்ஸ் ஆர்என் என்ற கணினித் தேர்வும், பிறகு அடிலெய்டில் நேரில் ஓஸ்கி என்ற செய்முறைத் தேர்வும் எழுத வேண்டும். பல மாநிலங்கள் நர்ஸுக்கு நாமினேஷன் தரும்போது ஆப்ரா பதிவைக் கேட்கின்றன. ஆகவே "80 புள்ளி இருக்கிறது, உடனே வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இந்தச் செலவையும் காலத்தையும் சேர்த்துத்தான் திட்டம் போட வேண்டும்.

ஆங்கிலத் தேர்விலும் ஒரு சிக்கல். கனடா குடியேற்றத்துக்கு ஐஇஎல்டிஎஸ் வகைகளில் ஜெனரல் மட்டும்தான் செல்லும். ஆப்ராவுக்கு ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் அல்லது ஓஇடி (மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வு) போன்றவை வேண்டும். ஆஸ்திரேலியா விசா புள்ளிக்கு ஜெனரல், அகாடமிக் இரண்டும் செல்லும். உங்கள் மனைவி ஆஸ்திரேலியாவை முடிவு செய்தால் அடுத்த முறை அகாடமிக்கே எழுதட்டும், இரண்டுக்கும் உதவும். கையிலுள்ள ஜெனரல் ரிசல்ட் ஆஸ்திரேலியாவுக்கு மூன்று வருடமும் கனடாவுக்கு இரண்டு வருடமும் செல்லும்.

அடுத்து அனுபவச் சான்று. நம்மூர் மருத்துவமனைகளில் "இவர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், நடத்தை நன்று" என்று இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். அது போதாது. லெட்டர்ஹெட்டில் பதவி, வார்டு, செய்த வேலைகள், வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், முழுநேரமா, கையெழுத்திட்டவரின் பெயர், பதவி, தொலைபேசி, எல்லாம் இருக்க வேண்டும். வேலைகளை அரசு இணையதளத்தில் உள்ள விவரிப்பிலிருந்து அப்படியே நகலெடுக்காதீர்கள். படிக்கிறவர் அதைத் தினமும் பார்க்கிறவர், உடனே பிடித்துவிடுவார்.

சம்பளத்தைக் கையில் காசாக வாங்கியிருந்தால் கஷ்டம். வங்கிக் கணக்கில் வந்த வரவு, பி.எஃப்., படிவம் 16, இதில் எது இருக்கிறதோ இப்போதே எடுத்து வையுங்கள். கத்தாரில் வருமான வரி இல்லாததால் உங்களுக்குச் சம்பளம் வந்த வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட்தான் ஆதாரம். மாதாமாதம் ஒரே கம்பெனி பெயரில் வரவு தெரிய வேண்டும்.

பெயரையும் பாருங்கள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறையப் பேருக்குப் பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலியாக இருக்கும். மதிப்பெண் பட்டியலில் "ஜெ. அஜின்" என்றும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாகவும் இருக்கும். சர்நேம் இல்லையென்றால் கனடா படிவத்தில் முழுப் பெயரையும் குடும்பப் பெயர் கட்டத்தில் போட்டு மற்றதைக் காலியாக விடச் சொல்கிறார்கள். இனிஷியலும் விரிவும் ஒரே ஆள்தான் என்று ஒரு அஃபிடவிட் தயார் செய்து, எல்லா விண்ணப்பத்திலும் ஒரே மாதிரி போடுங்கள். மாற்றிப் போட்டால் பல்கலைக்கழகத்திலிருந்து போகும் டிரான்ஸ்கிரிப்ட் உங்கள் கோப்போடு சேராமல் நின்றுவிடும்.

தக்கலை மெக்கானிக்கல்:

நன்றி அண்ணே, அக்கா. கனடாவுக்குப் பணம் காட்ட வேண்டும் என்கிறார்களே. அப்பாவின் ரப்பர் விளையில் 20 சென்ட் விற்று, மீதிக்கு நகைக்கடன் எடுத்துப் போட்டால் ஏற்பார்களா? என் அசெஸ்மென்டுக்குக் கல்லூரி அங்கீகாரம் போதுமா?

கோட்டாறு கணக்கர்:

நகைக்கடன் ஏற்கமாட்டார்கள். கடன் வாங்கிய பணம் எதுவானாலும் செல்லாது. நிலத்தின் மதிப்பும் செல்லாது, விற்று வங்கிக்கு வந்த பணம்தான் செல்லும். 2025 ஜூலை முதல் மூன்று பேர் குடும்பத்துக்கு 23,360 கனடா டாலர் காட்ட வேண்டும், ஆண்டுதோறும் கூடும். வங்கிக் கடிதத்தில் கணக்கு எண், தொடங்கிய தேதி, இன்றைய இருப்பு, ஆறு மாத சராசரி இருப்பு, நிலுவைக் கடன் எல்லாம் வேண்டும். நகைக்கடன் எடுத்தால் அது அந்தக் கடைசி வரியிலேயே தெரிந்துவிடும்.

விளை விற்ற பணம் திடீரென்று வந்தால் கிரையப் பத்திரத்தின் நகலும் ஆங்கில மொழிபெயர்ப்பும் வைக்க வேண்டும். பத்திரம் அப்பா பெயரில் இருந்தால் அவர் உங்களுக்குத் தந்ததற்கு கிஃப்ட் டீட், திருப்பிக் கேட்காத பணம் என்ற வாசகத்தோடு. பத்திரத்தில் குறைத்து எழுதி மீதியைக் கையில் வாங்கினால், அந்த மீதிக்கு எந்த ஆதாரமும் இருக்காது. எனவே விற்கும்போதே முழுத் தொகையையும் வங்கி வழியாக வாங்குங்கள்.

கனடா எளிதா என்றால், இப்போது எளிதல்ல. நாமினேஷன் கிடைத்தால் கனடாவின் புள்ளி முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் 600 புள்ளி சேரும் என்பது உண்மைதான். ஆனால் 2025-க்கான மாகாண நாமினேஷன் இலக்கை 55,000 ஆகக் குறைத்தார்கள், முந்தைய ஆண்டில் அது 1,10,000. மாகாணங்கள் ஏற்கெனவே அங்கே வேலை பார்ப்பவர்களையே அதிகம் எடுக்கின்றன. வேலை வாய்ப்புக் கடிதத்துக்குத் தந்துவந்த 50, 200 புள்ளிகளையும் 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள். க்யூபெக் இந்தத் திட்டத்தில் இல்லை, நுனாவுட்டிலும் கிடையாது.

உங்கள் மனைவி கனடாவுக்கும் போட நினைத்தால் லிசனிங்கை முதலில் ஏற்றட்டும். சிஎல்பி (கனடாவின் மொழித்திறன் அளவுகோல்) 9-க்கு மற்ற மூன்றிலும் 7 போதும், லிசனிங்கில் மட்டும் 8 வேண்டும். அவர் 7-ல் நிற்பதால் அந்த ஒரு பிரிவில் சிஎல்பி 7 தான். நான்கிலும் சிஎல்பி 9 வந்தால் வெளிநாட்டு அனுபவத்துக்கு 50 புள்ளி, இல்லையென்றால் 25. ஒரு பிரிவில் ஒரு பாண்ட் இத்தனை செய்கிறது.

உங்கள் பி.இ. விஷயம்: பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்கும் வாஷிங்டன் ஒப்பந்தத்தில் இந்தியா 2014 ஜூனில் சேர்ந்தது. ஆனால் என்பிஏ (இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம்) தரும் டயர் 1 அங்கீகாரமுள்ள பாடப்பிரிவுக்குத்தான் அது பொருந்தும். பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும் சாதாரணக் கல்லூரிகள் டயர் 2. ஆகவே அசெஸ்மென்ட் செய்யும் இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவுக்கு சிடிஆர் (உங்கள் திறனை விளக்கும் அறிக்கை) எழுத வேண்டும். அதில் மூன்று கேரியர் எபிசோட் (நீங்கள் செய்த ஒரு வேலையின் விவரிப்பு), ஒவ்வொன்றும் 1,000 முதல் 2,500 வார்த்தை. "எங்கள் டீம் செய்தது" என்று எழுதினால் போச்சு. பம்ப் ஏன் அதிர்ந்தது, என்ன அளந்தீர்கள், எந்தக் கணக்கில் அலைன்மென்டைத் திருத்தினீர்கள் என்று "நான்" போட்டு எழுதுங்கள். விலைக்கு எழுதித் தருவதை வாங்காதீர்கள். நகல் என்று கண்டுபிடித்தால் நிராகரித்து, குறிப்பிட்ட காலம் மறுபடி போடவும் விடமாட்டார்கள்.

குழித்துறை வாசகன்:

கன்சல்டன்சி பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். நாமினேஷனை மாநில அரசுதான் தரும், யாரும் உறுதி சொல்ல முடியாது. ஆஸ்திரேலியா என்றால் குடியேற்ற முகவருக்கான மாரா பதிவு எண், கனடா என்றால் குடியேற்ற ஆலோசகருக்கான ஆர்சிஐசி எண் கேளுங்கள். இரண்டையும் அந்தந்த நாட்டின் அதிகாரப்பூர்வப் பதிவேட்டில் நீங்களே தேடிப் பார்க்கலாம். உங்கள் விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டை அவர்கள் மட்டும் வைத்துக்கொள்ள விடாதீர்கள். அவர்கள் என்ன எழுதினார்கள் என்று தெரியாமல் போனால், கனடாவில் தவறான தகவலுக்கு ஐந்து வருடத் தடை உங்கள் பெயரில்தான் விழும்.

இஓஐ-ல் நிறையப் பேர் தவறுகிற இடம் ஒன்று. தற்போதைய வேலைக்கு முடிவுத் தேதி போடாமல் விட்டால் அனுபவம் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். மனைவி வேலையை விட்டுவிட்டு அதைத் திருத்தாமல் இருந்தால், ஒரு நாள் ஐந்து வருடம் ஆகிவிட்டது என்று புள்ளி தானாக 5-லிருந்து 10-க்கு ஏறும். அந்தப் புள்ளியில் அழைப்பு வந்துவிட்டால் இஓஐ-யைத் திருத்த முடியாது. 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், நிரூபிக்க முடியாவிட்டால் விசா நிராகரிப்பு, கட்டணமும் திரும்பாது. வேலை விட்ட அன்றே உள்ளே போய்த் தேதியைப் போட்டுவிடுங்கள்.

மாநில ஒதுக்கீடு ஜூலை 1-ல் தொடங்கும் ஆண்டுக்கானது. ஆன்மாக் அசெஸ்மென்டும் உங்கள் சிடிஆரும் அதற்குள் கையில் இருக்கிற மாதிரி இப்போதே தொடங்குங்கள்.