கிறுக்குத்தனமான துப்பறிவாளர் வருகிற தொடர் ஏதாவது சொல்லுங்களேன்

நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். கொலைத் தொடர்களில் கொலையைவிட, துப்பறிகிற ஆளின் கிறுக்குத்தனத்துக்காகவே உட்கார்ந்து பார்க்கிற ரகம் நான். கொலம்போ என்கிற அமெரிக்கத் தொடரில் கொலைகாரன் யார் என்று முதலிலேயே காட்டிவிடுவார்கள், அப்புறமும் விடாமல் பார்க்கிறோம் என்றால், துப்பறிவாளர் கொலம்போ, அந்தக் கசங்கிய மழைக்கோட்டுக்காரர், விடைபெற்று வாசல்வரை போய், தலையைச் சொறிந்துகொண்டே திரும்பி வந்து இன்னும் ஒரே ஒரு விஷயம் என்று ஆரம்பிப்பாரே, அதற்காகத்தான். அந்தக் கோட்டு கொலம்போவாக நடித்த பீட்டர் ஃபால்க்கின் சொந்தக் கோட்டு!

2002இல் தொடங்கிய மங்க் தொடர் வேறு வகை. அதில் வருகிற துப்பறிவாளர் மங்க்குக்குக் கிருமி என்றாலே பயம், யாரிடமாவது கை குலுக்கியதும் துடைத்துக்கொள்ள உதவியாளர் டிஷ்யூ நீட்ட வேண்டும். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் கொலையான மனைவியை நினைத்து அவர் உடைகிற இடத்தில் சிரிப்பு நின்றுவிடும். அந்தக் கலவைதான் எனக்கு வேண்டும்.

மேதை என்றாலே எல்லோரையும் எடுத்தெறிந்து பேச வேண்டும் என்று நினைத்து எழுதிய தொடர்கள் வேண்டாம், அலுத்துவிட்டது. சுவீடனும் டென்மார்க்கும் சேர்ந்து எடுத்த த பிரிட்ஜ் பார்த்தாயிற்று, அதில் துப்பறிகிற சாகா நோரேன் அருமை. அதுபோல விசித்திரமான பெண் துப்பறிவாளர் வருகிற தொடர் இருந்தால் பெயர் போடுங்கள். முடிவை மட்டும் உடைத்துவிடாதீர்கள், ப்ளீஸ்.