இடது கால்ல மூச்சு விட்டா விலா பிடிக்காதாமே?

மாடவீதி மாரத்தான்: "இடது கால் ஊனும்போது மூச்சை விடுங்க, ஓட்டத்துல விலா பிடிக்கவே பிடிக்காது"ன்னு முன்னாடி இங்க ஒருத்தர் எழுதி நாப்பது லைக் வாங்கியிருக்கார். மூணு மாசமா நானும் அதைத்தான் செஞ்சேன். ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர்ல நாலாவது கிலோமீட்டர்ல வலது விலாவுக்குக் கீழ கத்தி சொருகின மாதிரி பிடிச்சு, பால் பூத் வாசல்ல குனிஞ்சு நின்னேன்.

கால்தடம்: எழுதினது நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். கல்லீரல் வலப்பக்கம் தொங்குது. வலது கால் விழுறப்ப மூச்சை விட்டா உதரவிதானம் (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற தசை) மேல போகும், கல்லீரல் கீழ இழுக்கும். அதான் வலி. எட்டாங்கிளாஸ் அறிவியல்.

மாடவீதி மாரத்தான்: அப்படியா? ஆஸ்திரேலியாவுல மார்ட்டன், காலிஸ்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் 2000-ல வெளியிட்ட ஆய்வுக்காக 965 பேர்கிட்ட கேட்டாங்க. கேட்டதுக்கு முந்தின ஒரு வருஷத்துல ஓடுறவங்கள்ல 69 சதவீதம் பேருக்கு இது வந்திருக்கு. குதிரை ஓட்டுறவங்கள்ல 62. குதிரை மேல உக்காந்திருக்கிறவர் எந்தக் காலை ஊன்றார்?

கால்தடம்: குதிரைக்கு இடது கால் இல்லையா?

மாடவீதி மாரத்தான்: ரெண்டு இருக்கு. எதுல மூச்சு விடணும்?

1500 காக்கி: அண்ணே, போலீஸ் செலக்‌ஷன், 1500 மீட்டர் ஏழு நிமிஷத்துல முடிக்கணும். மூணாவது ரவுண்டுல பிடிச்சுக்குது.

மாடவீதி மாரத்தான்: என்ன சாப்பிட்டு ஓடுறே தம்பி?

1500 காக்கி: பத்து நிமிஷம் முன்னாடி ஒரு சொம்பு குளுக்கோஸ் தண்ணி.

மாடவீதி மாரத்தான்: அந்தச் சொம்பைத் தூக்கிப் போடு. இனிப்பு தூக்கலா இருந்தா வயித்தை விட்டு இறங்க நேரமாகும். சாப்பாட்டை ரெண்டு மணி நேரம் முன்னாடியே முடி, வெறும் தண்ணியை மடக்கு மடக்கா குடி. பிடிச்சுக்கிச்சுன்னா வேகத்தைக் குறைச்சு, வலிக்கிற இடத்தை விரலால அழுத்திக்கிட்டு ஆழமா மூச்சு விடு. காலை எண்ணாதே.

கால்தடம்: இடது காலையும் பாரு தம்பி. காசா பணமா?

வெறுங்கால் வேந்தன்: எல்லாம் வாய்வுப்பா. மோர்ல பெருங்காயம் போட்டுக் குடிங்க.

மாடவீதி மாரத்தான்: ஷூவே வேணாம்னு சொல்லிட்டு ஆறு மாசம் நொண்டினவர்தானே நீங்க?

வெறுங்கால் வேந்தன்: அது கண்ணாடிச் சில்லு! அந்தப் பதிவுலேயே சொல்லியாச்சு. நீங்க போட்ட மெடல் போட்டோ அஞ்சு கிலோமீட்டரோடதுன்னு நான் எங்கயாவது சொன்னேனா?

மாடவீதி மாரத்தான்: பத்து கிலோமீட்டர். ரிப்பனைப் பெருசு பண்ணிப் பாருங்க. கால்தடம் சார், எனக்கு இடப்பக்கமும் பிடிச்சிருக்கு. அங்க எந்தக் கல்லீரல்?

கால்தடம்: உங்களுக்கு எல்லாமே இடக்குதான்.

1500 காக்கி: இன்னிக்கு குளுக்கோஸ் இல்லாம ஓடினேண்ணே, பிடிக்கல. இடது காலையும் எண்ணினேன்.

கால்தடம்: பாத்தீங்களா!

மாடவீதி மாரத்தான்: குதிரைக்கு இன்னும் பதில் வரல.